உள்ளே யார் யார்?

செய்தித்தாளில் எங்கள் ஊர்ப் பெயர் அடிபடுவது பெரும்பாலும் 'எம். புதுப்பட்டி போலீசார் வழக்குப் பதிந்து விசாரிக்கின்றனர்' என்ற வரியில்தான். பட்டாசு ஆலை விபத்துச் செய்தியின் கடைசி வரி அது. சிவகாசியைச் சுற்றி பட்டாசு, அச்சு, தீப்பெட்டி என்று மூன்றே தொழில்தான் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். நாலாவதாக ஒரு சின்னக் கூட்டமும் உண்டு. ஆலை ஆபீசுகளிலும் மொத்தக் கடைகளிலும் பில் போடும் மென்பொருள் மக்கர் பண்ணினால் பைக்கை எடுத்துக்கொண்டு ஓடுகிற கூட்டம். நானும் அதில் ஒருவன்.

எங்களுக்கு சீசன் தொடங்குவது ஆடியில். ஆடிப்பெருக்கு அன்று பூஜை போட்டு, புது ரேட் லிஸ்ட்டை வெளியிட்டுத்தான் இங்கே தீபாவளி வியாபாரம் சூடு பிடிக்கும். அன்றைக்கு முதல் பில் தடங்கலில்லாமல் வர வேண்டும் என்பதில் கடைக்காரர்களுக்குத் தனிப் பிடிவாதம். 2023-இல் இதோடு ஒரு வில்லங்கமும் சேர்ந்துகொண்டது. ஆண்டு விற்பனை 5 கோடி ரூபாயைத் தாண்டிய வியாபாரிகள் இன்னொரு வியாபாரிக்குப் போடும் பில்லை இ-இன்வாய்ஸாகவே போட வேண்டும் என்ற ஜி.எஸ்.டி. விதி ஆகஸ்ட் 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. ஆகஸ்ட் 3 ஆடிப்பெருக்கு.

அந்த வாரம் பார்த்து ஒரு மொத்தக் கடையில் பழைய கம்ப்யூட்டரை ஓரங்கட்டிப் புதிது வாங்கியிருந்தார்கள். மென்பொருள் இருந்த ஃபோல்டரை அப்படியே பென்டிரைவில் காப்பி எடுத்துப் புதிதில் போட்டாயிற்று. மென்பொருள் கம்பெனி இ-இன்வாய்ஸுக்காக ஒரு புது டி.எல்.எல். ஃபைலை அனுப்பியிருந்தது, அதையும் பிளகின்ஸ் ஃபோல்டருக்குள் போட்டாயிற்று. பில் வந்தது, ஸ்டாக் வந்தது. ரிப்போர்ட் மெனு இல்லை. இ-இன்வாய்ஸ் பொத்தான் இல்லை. 2018-இலிருந்து ஒரு தொந்தரவும் தராமல் ஓடிய இ-வே பில் பொத்தானையும் காணோம்.

"திறக்கும்போது எதுவும் சொல்லுச்சாண்ணே?" என்று கணக்குப்பிள்ளையிடம் கேட்டேன்.

"என்னமோ இங்கிலீஷ்ல வந்துச்சு தம்பி. ஓகே குடுத்தேன், போயிருச்சு."

மூடித் திறந்து பார்த்தால் அதேதான் வந்தது. டாட்நெட்டில் வேலை பார்த்த யாரும் மறக்க முடியாத செய்தி. கேட்ட டைப்புகளில் ஒன்றையோ பலவற்றையோ ஏற்ற முடியவில்லை, மேல்விவரத்துக்கு லோடர் எக்செப்ஷன்ஸைப் பாருங்கள் என்கிறது. 'ரிஃப்ளெக்‌ஷன் டைப் லோட் எக்செப்ஷன்' என்பது இதன் முழுப்பெயர். இந்தச் செய்தியின் மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு. விவரம் இருக்கும் இடம் அதற்கே தெரிகிறது. அதைக் கையோடு காட்டிவிட்டுப் போனால் என்ன? பின்னால் வந்த டாட்நெட் பதிப்புகளில் அந்த விவரத்தையும் செய்தியோடு சேர்த்தே காட்டுகிறார்கள். ஆனால் நம் கடைகளில் ஓடுவதெல்லாம் பழைய டாட்நெட் ஃபிரேம்வொர்க் காலத்து மென்பொருள். 2002-இல் அது வெளிவந்த நாளிலிருந்து இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு அரைச்செய்திதான்.

இந்த மென்பொருள்களின் அமைப்பைச் சொன்னால்தான் மேற்கொண்டு புரியும். பில், ஸ்டாக், லெட்ஜர் ஆகியவை நடு மென்பொருளில் இருக்கும். அரசாங்கம் ஒரு விதி கொண்டுவரும்போதெல்லாம் அதற்குத் தனியாக ஒரு டி.எல்.எல். எழுதிப் பிளகின்ஸ் ஃபோல்டரில் போட்டுவிடுவார்கள். 2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்தது, 2018 ஏப்ரல் 1-இல் இ-வே பில் வந்தது, பிறகு இ-இன்வாய்ஸ். மென்பொருள் திறக்கும்போது அந்த ஃபோல்டரில் இருக்கும் ஒவ்வொரு டி.எல்.எல்.-ஐயும் நினைவகத்தில் ஏற்றி, 'கெட் டைப்ஸ்' என்ற கட்டளையால் அதற்குள் இருக்கும் கிளாஸ்களின் பட்டியலைக் கேட்கும். உள்ளே யார் யார் இருக்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. தன்னோடு பேசத் தெரிந்த கிளாஸ் அந்தப் பட்டியலில் இருந்தால் எடுத்து மெனுவில் ஒரு பொத்தானாக வைக்கும். ஓடுகிற நிரல் இன்னொரு நிரலின், அல்லது தன்னுடைய, உள்ளடக்கத்தையே எட்டிப் பார்ப்பதுதான் ரிஃப்ளெக்‌ஷன். பிரையன் கேன்ட்வெல் ஸ்மித் 1982-இல் எம்.ஐ.டி.-யில் கொடுத்த ஆய்வேடு இந்த யோசனையைக் கணினி மொழிகளுக்குள் முறையாகக் கொண்டுவந்தது. அவர் எழுதியது தத்துவவாதிகளும் படிக்கிற சங்கதி. நாம் அதை வைத்து மெனுவில் பொத்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறோம்.

புதிதாக வருகிற பையன்கள் இந்த இடத்தில்தான் திகைத்து நிற்கிறார்கள். டி.எல்.எல். ஏறிவிட்டதே, ஏற்றும்போது ஒரு குறையும் சொல்லவில்லையே, பட்டியல் கேட்டால் மட்டும் ஏன் முறைக்கிறது என்பார்கள்.

நம்மூர் கிஃப்ட் பாக்ஸை எடுத்துக்கொள்ளலாம். பெட்டியின் மேல் 25 ஐட்டம் என்று அச்சடித்திருக்கும். அத்தனையையும் ஒரே ஆலை செய்வதில்லை. கம்பி மத்தாப்பு ஒரு இடத்திலிருந்து வரும், சாட்டை இன்னொரு இடத்திலிருந்து வரும். பெட்டி குடோனுக்கு வந்து சேர்ந்ததை வைத்து, அதற்குள் போக வேண்டியதெல்லாம் வந்துவிட்டதாகச் சொல்ல முடியாது. டி.எல்.எல்.-உம் அப்படித்தான். தனக்குத் தேவையான வேறு டி.எல்.எல்.-களின் பெயர், பதிப்பு எண், கையொப்பக் குறி ஆகியவற்றைத் தன் தலைப்பில் எழுதி வைத்திருக்கிறதே தவிர, ஏறும்போது அவற்றை அழைப்பதில்லை. டாட்நெட் ஒத்திப்போடுகிற சுபாவம் உள்ளது. ஒரு ஃபங்ஷனின் உடலுக்குள் பயன்படுத்தும் வெளிக் கிளாஸை, அந்த ஃபங்ஷன் முதல்முறை ஓடப்போகும் வரை தேடவே தேடாது. இல்லாத டி.எல்.எல்.-ஐ நம்பி வருஷக்கணக்கில் ஓடும் மென்பொருள்கள் உண்டு. அந்தப் பொத்தானை யாரும் அமுக்காத வரைக்கும் பிரச்சினையில்லை.

பட்டியல் கேட்கும்போது கதை வேறு. ஒரு கிளாஸை 'இதோ இருக்கிறது' என்று காட்ட வேண்டுமானால் அதன் உருவம் முழுசாகத் தெரிய வேண்டும். அதன் பேஸ் கிளாஸ் எது, எந்த இன்டர்ஃபேஸுக்கு உட்பட்டது, அதற்குள் ஸ்ட்ரக்ட் வகை ஃபீல்டுகள் இருந்தால் அவை எத்தனை பைட் என்பதெல்லாம் முடிவாக வேண்டும். இவற்றில் எது வெளி டி.எல்.எல்.-இல் இருந்தாலும் அது அந்த நிமிஷமே வந்தாக வேண்டும். வராவிட்டால் அந்த கிளாஸ் ஏறாது. ஒரே ஒரு கிளாஸ் ஏறாவிட்டாலும் கெட் டைப்ஸ் பட்டியலைத் தராமல் எக்செப்ஷனை வீசிவிடும். ஒரு டி.எல்.எல்.-இல் நாற்பது கிளாஸ் இருந்தால் மூன்று மட்டும் ஏறாமல் போவதும் உண்டு. வெளி டி.எல்.எல்.-ஐ ஃபங்ஷனுக்குள் மட்டும் பயன்படுத்துகிற கிளாஸ் தப்பித்துக்கொள்ளும். அதையே பேஸ் கிளாஸாகக் கொண்டது மாட்டிக்கொள்ளும்.

கடைக்கு வருவோம். மென்பொருளின் மூல நிரல் என்னிடம் இல்லை. அது காட்டும் செய்திப் பெட்டியிலும் முழு விவரம் இல்லை. இந்த மாதிரி சமயத்தில் விண்டோஸோடு வரும் பவர்ஷெல் கைகொடுக்கும். டி.எல்.எல்.-ஐ லோட் ஃபிரம் என்ற கட்டளையால் ஏற்றி, கெட் டைப்ஸ் கேட்டு, விழுந்த எக்செப்ஷனின் உள் எக்செப்ஷனில் இருக்கும் லோடர் எக்செப்ஷன்ஸ் வரிசையை அச்சடித்துப் பார்க்கலாம். இதில் இரண்டு ஜாக்கிரதை வேண்டும். பவர்ஷெல் தேடுவது தன் இடத்திலிருந்து. மென்பொருள் தேடுவது தன் ஃபோல்டரிலிருந்து. மென்பொருளுக்குக் கிடைக்கும் டி.எல்.எல். பவர்ஷெல்லுக்குக் கிடைக்காமல் போய், இல்லாத குற்றத்தை நம் கையில் கொடுத்துவிடும். அதனால் முழு ஃபோல்டரையும் வேறிடத்தில் நகலெடுத்து, பிளகின்களையும் பக்கத்திலேயே கொட்டி அங்கே வைத்துக் கேட்பேன். இரண்டாவது, மென்பொருள் 32 பிட் என்றால் 32 பிட் பவர்ஷெல்லையே திறக்க வேண்டும். சாதாரணமாகத் திறப்பது 64 பிட்.

முதலில் ரிப்போர்ட் டி.எல்.எல்.-ஐக் கேட்டேன். கிரிஸ்டல் டிசிஷன்ஸ் என்று தொடங்கும் ஃபைலைக் காணவில்லை என்ற ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தது. பழைய வழக்கப்படி பார்சல் லிஸ்ட், ரேட் லிஸ்ட், நிலுவைப் பட்டியல் எல்லாவற்றையும் கிரிஸ்டல் ரிப்போர்ட்ஸில் வடிவமைத்திருந்தார்கள். அதில் உருவாகும் ஒவ்வொரு ரிப்போர்ட் கிளாஸுக்கும் 'ரிப்போர்ட் கிளாஸ்' என்பதே பேஸ் கிளாஸ். அது இருக்கும் டி.எல்.எல். இல்லாமல் ஒன்றுமே ஏறாது.

"பழைய கம்ப்யூட்டர்ல மட்டும் எப்படி ஓடிச்சாம்?" என்றார் கணக்குப்பிள்ளை. நியாயமான கேள்வி. எந்தக் காலத்திலோ யாரோ வந்து கிரிஸ்டலின் ரன்டைமைப் பழைய கம்ப்யூட்டரில் நிறுவிவிட்டுப் போயிருக்கிறார்கள். அது மென்பொருள் ஃபோல்டருக்குள் உட்காரவில்லை. விண்டோஸுக்குள் இருக்கும் ஜி.ஏ.சி. என்ற பொதுக் கிடங்குக்குப் போய்விட்டது. ஃபோல்டரை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தால் கிடங்கு கூட வராது. ரன்டைமை நிறுவியதும் ரிப்போர்ட் டி.எல்.எல். முழுப் பட்டியலையும் ஒப்பித்தது.

இ-இன்வாய்ஸ் டி.எல்.எல்.-இன் குறை வேறு ரகம். நியூட்டன்சாஃப்ட் ஜேசன் 13.0.0.0 வேண்டும், கண்டுபிடித்ததன் அடையாளம் கேட்டதோடு பொருந்தவில்லை என்றது. இது ஃபைல் இல்லை என்பதல்ல, இருப்பது வேறு பதிப்பு என்பது. இ-இன்வாய்ஸ் விவரத்தை அரசின் தளத்துக்கு ஜேசன் வடிவத்தில்தான் அனுப்ப வேண்டும். பில் தேதி நாள், மாதம், வருஷம் என்ற வரிசையில் நடுவே சாய்கோட்டோடு போக வேண்டும். அந்தத் தேதிக்காக ஒரு கன்வர்ட்டர் கிளாஸ் எழுதியிருந்தார்கள். அதன் பேஸ் கிளாஸ் நியூட்டன்சாஃப்ட்டின் ஜேசன் கன்வர்ட்டர். ஜேம்ஸ் நியூட்டன் கிங் எழுதிய இந்த நூலகத்தைத் தொடாத டாட்நெட் மென்பொருளைப் பார்ப்பது அபூர்வம். அதனாலேயே பதிப்புச் சண்டையில் அதிகமாக அடிபடும் பெயரும் அதுதான். நடு மென்பொருள் 9.0.0.0-ஐ வைத்துக்கொண்டிருந்தது. புது பிளகினை 13-ஐ வைத்து எழுதிவிட்டு, அந்த 13-ஐ அனுப்பாமல் ஒற்றை டி.எல்.எல்.-ஐ மட்டும் கம்பெனி அனுப்பியிருந்தது. 13-ஐக் கேட்டு வாங்கி மென்பொருள் ஃபோல்டரில் போட்டு, பழைய பதிப்பு எதைக் கேட்டாலும் 13-ஐயே கொடு என்று கான்ஃபிக் ஃபைலில் ஒரு பைண்டிங் ரீடைரக்ட் எழுதியதும் அதுவும் தீர்ந்தது.

இ-வே பில் டி.எல்.எல்.-இல் ஒரு குறையும் இல்லை. வரிசையில் முன்னால் போன பிளகின் விழுந்ததும் நடு மென்பொருள் மீதி ஃபோல்டரைப் பார்க்காமலே எழுந்து போய்விட்டது. அவ்வளவுதான்.

இந்த இரண்டைத் தவிர அடிக்கடி பார்ப்பவை இன்னும் சில. நடு மென்பொருளின் இன்டர்ஃபேஸில் புதிதாக ஒரு ஃபங்ஷனைச் சேர்த்துவிட்டு, பழைய பிளகின்களை மறுபடி கம்பைல் செய்யாமல் விட்டிருப்பார்கள். இன்ன கிளாஸில் இன்ன ஃபங்ஷனுக்கு உடல் இல்லை என்று லோடர் எக்செப்ஷன் பெயர் சொல்லியே காட்டிக்கொடுக்கும். இதைவிடத் தெளிவான செய்தி டாட்நெட்டில் குறைவு. 32 பிட்டும் 64 பிட்டும் முட்டிக்கொண்டால் 'ஃபைலின் வடிவம் சரியில்லை' என்று வரும். ஃபைல் கெட்டுவிட்டதாக நினைத்து மறுபடி மறுபடி டவுன்லோடு செய்வது வீண். மின்னஞ்சலில் ஜிப்பாக வந்ததை விண்டோஸிலேயே பிரித்திருந்தால், வெளியிலிருந்து வந்த சரக்கு என்ற முத்திரை டி.எல்.எல்.-இல் ஒட்டியிருக்கும். ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், அன்பிளாக். அப்படியும் எங்கே தேடியது என்று தெரியாவிட்டால் ஃபியூஷன் லாக் இருக்கிறது. முன்னிருப்பாக அது அணைந்திருக்கும். ரெஜிஸ்ட்ரியில் போய் இயக்கிவிட்டால் எந்தெந்த ஃபோல்டரில் கையை விட்டுத் துழாவியது என்பதை வரிசையாக எழுதும். வேலை முடிந்ததும் அணைக்க வேண்டும். இல்லையென்றால் மென்பொருள் நத்தையாகிவிடும்.

இதற்கெல்லாம் ஒரு குறுக்குவழி பரவலாகப் புழங்குகிறது. எக்செப்ஷன் வந்தாலும் ஏறிய கிளாஸ்களை டாட்நெட் தூக்கி எறிவதில்லை. அந்த எக்செப்ஷனுக்குள்ளேயே 'டைப்ஸ்' என்ற வரிசையில் அவை பத்திரமாக இருக்கும். ஏறாதவற்றின் இடத்தில் நல் என்று வெற்றிடம் மட்டும் இருக்கும். எக்செப்ஷனைப் பிடி, நல்லை வடிகட்டு, மிச்சத்தை வைத்து ஓட்டு. இரண்டு வரி நிரல். வராத ஒருவனுக்காக வந்த முப்பத்தொன்பது பேரையும் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். பிளகின் மென்பொருளுக்கு அது அவசியமும்கூட. அந்தக் கடை மென்பொருளில் அது இருந்திருந்தால் இ-வே பில் பொத்தானாவது தப்பியிருக்கும். எனக்குப் பிடிக்காதது, வடிகட்டியதை எங்கேயும் எழுதி வைக்காமல் விழுங்குவது. அப்படி எழுதிய மென்பொருளில் இ-இன்வாய்ஸ் பொத்தான் செய்தியே இல்லாமல் மறைந்திருக்கும். கணக்குப்பிள்ளை ஓகே கொடுக்கவும் ஒன்று இருந்திருக்காது. ஆகஸ்ட் 3-ஆம் தேதி மாலை, லாரி புக்கிங் ஆபீசில் கேஸ்கள் ஏறிய பிறகு, இன்வாய்ஸ் எண் எங்கே என்று யாராவது கேட்கும்போது தெரிந்திருக்கும். வடிகட்டுங்கள், கூடவே லோடர் எக்செப்ஷன்ஸில் வரும் ஒவ்வொரு செய்தியையும், திரும்ப வருவதை ஒரே முறையாக்கி, ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் எழுதுங்கள். மூன்றாவது வரிதான் கூடுகிறது.

பட்டியல் மட்டும் போதும், ஓட்ட வேண்டாம் என்றால் ஏற்றாமலே படிக்க வழியுண்டு. ஜாவா உலகத்தில் ஸ்பிரிங் அப்படித்தான் செய்கிறது. ஃபோல்டர் முழுக்க கிளாஸ்களைத் தேடும்போது, அவற்றை ஏற்றினால் 'நோ கிளாஸ் டெஃப் ஃபவுண்ட்' என்று விழும் என்பதால், ஏ.எஸ்.எம். என்ற நூலகத்தை வைத்து ஃபைலின் பைட்டுகளை மட்டும் புரட்டிப் பார்க்கும். டாட்நெட்டில் ஜேபி எவைன் எழுதிய மோனோ செசில் வெகுகாலமாக இந்த வேலையைச் செய்கிறது. 2019-இல் டாட்நெட் கோர் 3.0 வந்த காலத்தில் மெட்டாடேட்டா லோட் காண்டெக்ஸ்ட் என்று மைக்ரோசாஃப்ட்டும் ஒன்றைக் கொண்டுவந்தது. அதற்கும் சார்ந்திருக்கும் டி.எல்.எல்.-களின் பாதையைக் கொடுக்க வேண்டும் என்பதால் முழு விடுதலை என்று சொல்ல மாட்டேன்.

எக்செப்ஷன் வந்தால் நான் இப்போதெல்லாம் பதறுவதில்லை. ஏதோ ஒன்று பேசுகிறது, கேட்டுக்கொள்ளலாம். பேசாமல் இருப்பதுதான் வில்லங்கம். அண்ணாச்சி ஒருவர் கடையில் மென்பொருளைப் புது டாட்நெட்டுக்கு மாற்றினார்கள். அங்கே ஒவ்வொரு பிளகினுக்கும் அசெம்பிளி லோட் காண்டெக்ஸ்ட் என்று தனி அறை. பட்டியல் முழுசாக வந்தது, லோடர் எக்செப்ஷன் ஒன்றும் இல்லை, பொத்தானும் இல்லை. நடு மென்பொருளின் இன்டர்ஃபேஸ் இருக்கும் டி.எல்.எல்.-இன் இன்னொரு நகல் பிளகின் ஃபோல்டருக்குள்ளேயே கிடந்ததுதான் காரணம். பிளகின் தன் அறையில் இருந்த நகலை ஏற்றிக்கொண்டது. நடு மென்பொருள் தன் நகலை வைத்திருந்தது. பெயர் ஒன்று, பதிப்பு ஒன்று, பைட்டுக்குப் பைட் ஒன்று. இருந்தும் டாட்நெட்டுக்கு அவை இரண்டு வேறு இன்டர்ஃபேஸ்கள். 'என்னோடு பேசத் தெரிந்தவன் யார்' என்று நடு மென்பொருள் கேட்டால் ஒருத்தரும் கை தூக்க மாட்டார்கள்.

"எதுவுமே சொல்லலையே தம்பி, எதை வச்சுக் கண்டுபுடிச்ச?" என்றார் அண்ணாச்சி. இரண்டு ஃபோல்டரிலும் ஒரே பெயரில் ஃபைல் இருப்பதைக் காட்டி, உள்ளே இருந்ததை அழித்துவிட்டு மென்பொருளைத் திறந்தேன். பொத்தான் வந்துவிட்டது. பிளகினின் பிராஜெக்ட் ஃபைலில் அந்த ரெஃபரன்ஸுக்கு 'பிரைவேட்' என்ற இடத்தில் 'ஃபால்ஸ்' என்று எழுதினால் நகல் போகவே போகாது. மைக்ரோசாஃப்ட்டின் பிளகின் வழிகாட்டியிலேயே இதைச் சொல்லியிருக்கிறார்கள். கம்பெனிக்கு எழுதினேன். அடுத்த பதிப்பிலும் அந்த ஃபைல் கூடவே வந்தது. இப்போது அண்ணாச்சி கடையில் புதுப் பதிப்பு போடும்போதெல்லாம் அந்த ஒரு ஃபைலைத் தேடி அழிப்பதும் என் வேலைப் பட்டியலில் இருக்கிறது.